மகளின் கட்டுரையை மனுவாக்கினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. மார்ச் மாதம். மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஊர் பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டில் இருக்கிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். மகள் ஒன்பதாவது படிக்கும்போது, ரோட்டைக் கடக்கையில் லாரி அடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவளும்தான்.

அவர் போன பிறகு நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றுதான். மனு கொடுப்பது. விதவை உதவிக்கு ஒரு மனு. வேலைக்கு ஒரு மனு. பட்டாவுக்கு ஒரு மனு. மதுரையில் தல்லாகுளம் பக்கம் கவர்மெண்டு ஆபீசுகளுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எப்போதும் ஒருவர்தான் எழுதுவார். வயதானவர். முதல் தடவை அவர் முன்னால் உட்கார்ந்தபோது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஏதேதோ சொன்னேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏத்தா, புருசன் செத்தத மொத வரியில சொல்லு. மத்ததெல்லாம் பெறகு. ஆபீசரு ரெண்டாவது வரிய வாசிக்க மாட்டாரு."

அப்படியே எழுதினார். மூன்று மனுவுக்கும் பலன் கிடைத்தது. என் வேலையே அப்படி வந்ததுதான். அதனால் அவர் சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. கேட்கப் போகிற இடத்தில் துக்கத்தை முதலில் வைக்க வேண்டும். அதற்கான சான்றைப் பின்னால் வைக்க வேண்டும். கடைசியில் கை கூப்ப வேண்டும்.

மகளுக்குக் கணக்கு நன்றாக வரும். அவளுடைய கணக்கு டீச்சர் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னார். வடக்கே, ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய ஊர். எடுத்துக்கொண்டால் படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம். பிள்ளை தன்னைப் பற்றிச் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். அது பிடித்திருந்தால் கூப்பிட்டுப் பேசுவார்களாம்.

ஒரு மாதம் எழுதினாள். இங்கிலீஷில்தான். எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். ஒருநாள் என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"மார்க்கெட்ட பத்தி."

"மார்க்கெட்ட பத்தி எழுதுனா சீட்டு குடுப்பாகளா?"

"ஏன், அவுக கத்தரிக்கா திங்க மாட்டாகளா?" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மாதம் எழுதிக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொள்வாள். அதை நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். நடத்துவது ஒரு பெண். என்னை அக்கா என்பாள். அங்கே போய் மகள் எல்லாவற்றையும் டைப் செய்து வைத்துவிட்டாள். வருமானச் சான்றிதழ் மட்டும் பாக்கி. அது கடைசி நாளன்றுதான் கைக்கு வரும் என்றார்கள். அன்றைக்கு அவளுக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. காலையில் ஃபைலை என்னிடம் கொடுத்தாள்.

"ம்மா, சர்டிபிகேட்ட வாங்கிட்டு நேரா பிரவுசிங் அக்கா கடைக்குப் போ. அவுக ஏத்தி அனுப்பிருவாக. மத்ததெல்லாம் ரெடி. சாயங்காலம் அஞ்சு மணிதேன் கடைசி. மதியத்துக்குள்ள முடிச்சிரு, இல்லைனா சர்வர் படுத்துரும்."

"சரி."

"நேரா போம்மா" என்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னாள்.

தல்லாகுளம் ஆபீசில் பதினோரு மணிக்குள் சான்றிதழ் கிடைத்துவிட்டது. வெளியே வந்தேன். மரத்தடியிலிருந்து மனு எழுதுகிறவர் கூப்பிட்டார்.

"என்னத்தா, ஆளையே காணோம்! கவர்மெண்டு உனக்குக் குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்து முடிச்சிருச்சா?"

நின்றேன். மகள் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம எழுதுன குடும்பம்யா, பிள்ள வடக்க போகுது" என்றார். கட்டுரை ஃபைலில் இருக்கிறது என்றேன். கொண்டா பார்ப்போம் என்று கையை நீட்டினார்.

நான் அதைக் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியிலேயே முகம் சுருங்கியது.

"பிள்ளையா எழுதுனுச்சு?"

"அவதாண்ணே."

"இங்கிலீசு நல்லாத்தேன் இருக்கு. விசயம் இல்லையே. மூட்டை காலையில எம்புட்டு, சாயங்காலம் எம்புட்டுன்னு, வெளையாட்டுப் பேச்சால்ல இருக்கு. அப்பன் செத்தது ஒரு எடத்துலயும் இல்ல."

"இல்லையா?"

"எங்கிட்டும் இல்ல. நீ ஒத்தையில வளத்ததும் இல்ல. இத வாசிச்சா, குறையில்லாத வீட்டுப் பிள்ளை போலன்னு அடுத்த காகிதத்த எடுத்துருவாக."

எத்தனையோ பேர் கேட்கிற இடம். துக்கம் இல்லாதவனே இருப்பதாக எழுதுவான். இருக்கிறவள் சொல்லாமல் விட்டால் எப்படி? சின்னப் பிள்ளை, தெரியாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். வேண்டுமென்றே விட்டிருப்பாள் என்று தோன்றவில்லை.

"நீங்க எழுதிக் குடுங்கண்ணே" என்றேன்.

"பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டுக்கத்தா."

"பரீட்சையில இருக்கா. கடைசி நாளு."

அவர் யோசித்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார். முன்பு கையால் எழுதுவார், இப்போது டைப் அடிக்கிறார். இறந்த தேதி கேட்டார். சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். உடம்பை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனார்.

"சாப்பாட்டுக்கு வழியில்லாம பட்டினி கெடந்தோம்னு போடவா?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கோம்."

"மனுன்னா அப்படித்தேன் போடுறது."

"சரி, போடுங்க."

கடைசியில், தங்களைத் தெய்வமாக நினைத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்று முடித்தார். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். இதுதான் சரி என்று பட்டது. இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதையும் பிரிண்ட் எடுத்த காகிதத்தோடு சேர்த்து வைத்தார். காசு வாங்கவில்லை. "பிள்ள படிப்புக்கு நான் கை நீட்ட மாட்டேன், போ" என்றார். அவரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் போனது நான்.

பரவைக்கு வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. பிரவுசிங் சென்டரில் காகிதங்களைக் கொடுத்தேன். அந்தப் பெண் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது வேற மாதிரி இருக்கே. பாப்பா டைப் பண்ணுனது சிஸ்டத்துல இருக்கு. அத எடுக்கவா?"

"எடுத்துரும்மா. இதப் போடு."

"பாப்பாட்ட கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அது நல்லாருந்துச்சுக்கா" என்றாள். டைப் செய்தாள். சான்றிதழ்களை ஏற்றினாள். ஒரு நம்பர் வந்தது. அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அனுப்பியதன் நகல் ஒன்றும் கொடுத்தாள்.

மகள் பரீட்சை முடிந்து வந்ததும் முதல் கேள்வி, "அனுப்பியாச்சா?"

"ஆச்சு."

நம்பர் எழுதிய சீட்டை மட்டும் கொடுத்தேன். நகலைப் பீரோவில் என் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். சீட்டு கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். கிடைத்துவிட்டால் கோபப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

ஏப்ரல் கடைசியில் போனில் மெசேஜ் வந்தது. வீடியோவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ம்மா, என் கட்டுரை பிடிச்சிருச்சும்மா" என்றாள். நான் உள்ளுக்குள், மனு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பேசுகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் பக்கம்தான் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும். அங்கே ஸ்டூல் போட்டு, போனைச் செம்பில் சாய்த்து வைத்தாள். தலையை அழுத்திப் பின்னியிருந்தாள். நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். போனில் என் முகம் தெரியாது. எனக்கு அவள் முகம் தெரியும்.

மூன்று பேர் பேசினார்கள். இரண்டு ஆண், ஒரு பெண். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. கேட்டதற்கெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். ஒரு தடவை அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

பிறகு ஒருவர் மெதுவாக ஏதோ கேட்டார். எனக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தைதான் தெரிந்தது. ஃபாதர். மகள் புரியாமல், "சாரி சார்?" என்றாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடி ஃபாதர். அவள் குழம்பினாள். அப்போது அவர் ஒரு காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அதில் என் வீட்டுக்காரரின் பெயர் வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி வருடக் கணக்காகிவிட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு மனிதர் அதைத் தப்பான உச்சரிப்பில் சொன்னார்.

மகள் போனை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு பார்க்கவில்லை.

அவள் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள். தலையை ஆட்டினாள். கடைசியில் அந்தப் பெண் பேசினார். குரல் தன்மையாக இருந்தது. மகள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"மை ஃபாதர்" என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், "மை ஃபாதர்" என்றாள். அந்தப் பெண் காத்திருந்தார். நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய், நான்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

"தேங்க் யூ" என்றாள் மகள். போன் அணைந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எப்பம்மா மாத்துன?"

"சர்டிபிகேட் வாங்குன அன்னைக்கு."

"பட்டினி கெடந்தோம்னு போட்டுருக்கு. நாம எப்பம்மா பட்டினி கெடந்தோம்?"

"மனுன்னா அப்படித்தேன் போடுறது."

"அது மனு இல்லம்மா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நானாகக் கேட்டுத்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன். இதை நான் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறாள். யார் எழுதியது என்று கேட்டதற்குத் தெரியாது என்றிருக்கிறாள். சரி, நீ எழுதியது என்ன, அதைச் சொல் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

"என்னையச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லி?" என்றாள். போய்ப் பின்னலை அவிழ்த்தாள்.

மே மாதம் பதில் வந்தது. இல்லை என்று. அவள் போனை என்னிடம் காட்டிவிட்டு உள்ளே வைத்தாள். திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கில் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒருநாளும் முகம் கோணவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பாப்பா எழுதியது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

"இப்பயாக்கா?"

"இப்பத்தேன்."

ஜெராக்ஸ் எடுக்க ஆட்கள் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வாசித்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

என் வீட்டுக்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றியதும் எடை சொல்லிவிடுவாராம். தராசில் போடுவதற்கு முன்னாலேயே. மகள் எட்டாவது படிக்கும்போது, லீவு நாளில் மார்க்கெட்டுக்குப் போய் அவர் சொன்ன எடையை ஒரு பக்கமும் தராசு காட்டிய எடையை ஒரு பக்கமும் குறித்து வைப்பாளாம். காலையில் அவர் கொஞ்சம் குறைத்துச் சொல்வாராம். மதியம் ஆக ஆகக் கூட்டிச் சொல்வாராம். முதலில் அவர் ஏமாற்றுகிறார் என்று சண்டை போட்டாளாம். பிறகு நோட்டைப் பார்த்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாளாம். மூட்டை அதேதான், தூக்குகிற உடம்புக்குத்தான் அது கனத்துக்கொண்டே போகிறது என்று. சாயங்காலம் எத்தனை கிலோ கூடுகிறது என்று கணக்குப் போட்டு அவரிடம் காட்டினாளாம். "அடியேய், என் அலுப்பவே எடை போட்டுட்டியேடி!" என்று அவர் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தாராம். மனிதர்கள் வாய்விட்டுச் சொல்லாததை எண்களில் தேடிப் பார்க்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது, அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று முடித்திருந்தாள்.

பதினாறு வருடம் அவரோடு இருந்தேன். சாயங்காலம் மூட்டை எவ்வளவு கனக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

கட்டுரையில் அவர் சாகவே இல்லை. தோளில் மூட்டையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவரை அப்படியே ரயிலில் ஏற்றி அனுப்ப நினைத்திருந்தாள். நான் முதல் வரியிலேயே அவரைச் சாகடித்து, சான்றிதழும் சேர்த்து வைத்தேன். அந்த மூன்று பேர் முன்னால் அவள் வாய் திறந்தபோது, சிரிக்கிற அப்பாவைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாசித்த லாரி அப்போதுதான் காதில் விழுந்திருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொன்னேன்.

"கேட்டேன்."

"என்னத்த?"

"நீ எழுதுனத."

துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு."

"சரி" என்றாள். மீதித் துணியையும் மடித்து முடித்தாள்.

மரத்தடிக்கு அப்புறம் நான் போகவில்லை. இதையும் யாரிடமும் எழுதித் தரச் சொல்லவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும். மன்னிப்புக் கேட்டேனா என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். கேட்டேன். "விடும்மா, நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்ச" என்றாள். அது உண்மைதான். ஆனால் கடையில் வைத்து, கேட்டுட்டேன் என்று சொன்னேனே, அதை எந்த நல்லதில் சேர்ப்பது?

இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். இதற்கும் கட்டுரை கேட்கிறார்களாம். எழுதி, பென் டிரைவில் போட்டு மேசையில் வைத்திருந்தாள். நான் பிரவுசிங் சென்டர் பக்கம் கிளம்பினேன்.

"அங்கிட்டுத்தேன் போறேன். குடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"இல்லம்மா, நானே போய்க்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை, ஆனால் என்னிடம் எதையும் கொடுத்து அனுப்புவதும் இல்லை, அது ஏன் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தே அவள் பின்னால் நடந்து போகிறேன்.